எள்ளு அரைத்த கறி

காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகியும் வேணுகோபாலுக்கு நாக்கில் ருசி திரும்பவில்லை. இட்லியை ரப்பர் என்றார். ரசத்தை வெந்நீர் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி பட்டு, இளம் ஆட்டுக்கறியாகப் பார்த்து வாங்கி மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து வைத்தாள். இரண்டு துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். எழுபத்திரண்டு வயதில் எடை ஆறு கிலோ இறங்கியிருந்தது. "அவர் எதுக்கு ஆசைப்பட்டாலும் குடுங்கம்மா, பத்தியம் ஒண்ணும் கிடையாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, கேழ்வரகுக் கஞ்சியை முன்னால் வைத்தபோது அவராகவே வாயைத் திறந்தார்.

"பட்டு, அந்தக் கறி பண்ணேன்."

"எந்தக் கறி?"

"ஷில்லாங்ல பண்ணுவியே. பன்னிக்கறி. கறுப்பு எள்ளு அரைச்சுப் போட்டு."

பட்டு கிண்டல் என்றுதான் நினைத்தாள். அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

"இன்னா சொல்றீங்க? நானா? பன்னிய என் கையால தொட்டதே கிடையாது."

"ஹவ், ஆமா, நீதான். வாரத்துல ரெண்டு நாள் பண்ணுவே. இஞ்சி நெறைய போடுவே."

வேணுகோபாலின் முப்பாட்டனார் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குக் கணக்கெழுத செகந்திராபாத் வந்தவர். நான்கு தலைமுறையாக மாரேட்பள்ளியில்தான் வீடு. ஆடு, கோழி, மீன், நண்டு எல்லாம் அந்தச் சமையலறையில் வெந்திருக்கின்றன. பன்றி மட்டும் வாசற்படி ஏறியதில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே பட்டுவின் மாமியார் காதைப் பொத்திக்கொள்வார்.

"எள்ளு போய் யாராவது கறியில போடுவாங்களா? அது திதிக்கு எறைக்கறதுங்க."

"நானும் அன்னிக்கு அதத்தான் நெனச்சேன்" என்றார் வேணுகோபால். "ஆனா வாயத் தொறக்கல." பிறகு கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டார்.

பட்டு பேகம்பேட்டில் வேலை செய்யும் மகள் ரஞ்சனாவுக்குப் போன் போட்டாள். ரஞ்சனாவுக்கு முப்பத்தெட்டு வயது. தமிழ் நன்றாகவே புரியும். பதில் பாதி ஹிந்தியிலும் பாதி இங்கிலீஷிலும் வரும். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தணித்தாள்.

"மம்மி, ஏஜ் ஆயிட்டா சில பேருக்கு இப்படித்தான் ஸ்டார்ட் ஆகும். ஏக் பார் நியூராலஜிஸ்ட்கிட்ட காமிச்சிடலாம்."

வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போனார்கள். தெலுங்குக்கார டாக்டர், சின்னப் பெண். வேணுகோபாலிடம் தேதி கேட்டாள், கிழமை கேட்டாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னாள். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொன்னாள். ரேடார் பாகங்கள் செய்யும் மத்திய அரசு கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். கடிகாரத்துக்கு நொடிமுள்ளும் சேர்த்து வரைந்து கொடுத்தார். டாக்டர் சிரித்துவிட்டாள். "ஞாபக சக்தி என்னைவிட நல்லா இருக்கு இவருக்கு. கவலையே வேணாம்" என்று தெலுங்கில் சொன்னாள்.

காரில் திரும்பும்போது பட்டுவுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பரேட் மைதானம் தாண்டுவதற்குள் அது போய்விட்டது. இவர் தலை நன்றாக இருக்கிறது என்றால் அந்தக் கறி நிஜம். அவள் சமைக்கவில்லை. அப்படியானால் யார்?

கல்யாணமாகி ஒன்றரை மாதத்தில் அவருக்கு ஷில்லாங் மாற்றல் வந்தது. விமானப்படைக்கு ரேடார் நிறுவுகிற வேலை. பட்டு நான்கு மாதம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தாள். அந்த நான்கு மாதத்தை அவள் இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

"நான் வர்றதுக்கு முன்னாடி அங்க உங்களுக்கு யாரு சமைச்சுப் போட்டா?"

"யாரு சமைப்பா? நானேதான். பருப்பும் சோறும்."

"அந்த வீட்டுக்காரம்மா?"

"காங் டிரினாவா? அவங்கதான உனக்கு இந்தக் கறியே கத்துக் குடுத்தாங்க."

"எனக்கு யாரும் ஒண்ணும் கத்துக் குடுக்கல!" என்று பட்டு கத்திவிட்டாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ரஞ்சனா கண்ணாடியில் இருவரையும் பார்த்தாள்.

"டாடி, சச் போலோ, உண்மையச் சொல்லுங்க. யாரு அந்த லேடி?"

"உங்கம்மாதான்" என்றார் வேணுகோபால், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. அவருக்கும் கோபம் வந்திருந்தது.

இரண்டு நாள் பட்டு அவரோடு சரியாகப் பேசவில்லை. ஷில்லாங் வீடு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பலகைத் தரை, நடந்தால் முனகும். காசி இனத்துக்காரியான வீட்டுக்காரம்மா காங் டிரினா. காங் என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. வாசலில் உட்காரக் குட்டையான பிரம்பு மோடா. கரி அடுப்பு. இவ்வளவும் ஞாபகம் இருக்கும்போது வாரம் இரண்டு முறை சமைத்த கறி மட்டும் எப்படி மறக்கும்? அவர் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு தன் பேரைச் சொல்கிறார் என்று முடிவுக்கு வந்தாள். ஆனால் பொய் சொல்லும்போது அவருக்குக் காது மடல் சிவக்கும். அதுவும் சிவக்கவில்லை.

சாட்சி சொல்ல ஒரே ஆள்தான் மிச்சம். தார்நாகாவில் இருக்கும் கல்பகம் மாமி. அந்தக் காலத்தில் ஷில்லாங்கில் அடுத்த போர்ஷனில் குடியிருந்தவள். அவள் கணவர் வெங்கட்ரமணன் விஞ்ஞானி. பிறகு தார்நாகா ஆய்வுக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து, ஓய்வு பெற்று, மூன்று வருஷம் முன் காலமாகிவிட்டார். கொலுவுக்கு இவள் போவதும் பொங்கலுக்கு அவள் வருவதுமாக நாற்பது வருஷப் பழக்கம். பட்டு ஆட்டோ பிடித்து மெட்டுகூடா வழியாகப் போய் இறங்கினாள்.

"வா பட்டு. என்ன, சொல்லாம கொள்ளாம? அவருக்கு ஒடம்பு தேவலையா?" என்று கல்பகம் அடுக்களைக்கே கூட்டிப் போனாள். பால் அடுப்பில் இருந்தது.

பட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். "மாமி, நீங்க எனக்காக ஒரு சாட்சி சொல்லணும். ஷில்லாங்ல நான் பன்னிக்கறி சமைச்சேனாம், எள்ளு அரைச்சு. ஒத்தக் கால்ல நிக்கறாரு. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை போன்ல சொல்லிடுங்க, போதும்."

கல்பகம் அடுப்பை அணைத்தாள். திரும்பவில்லை.

"என்னைக் குத்திக்காட்டவா பட்டு இவ்வளவு தூரம் வந்தே?"

"இன்னா மாமி?"

"நாப்பது வருஷம் கழிச்சு இதைக் கேக்கணும்னு தோணித்தா நோக்கு?"

பட்டுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்பகத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்பகம் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு போர்ஷனுக்கும் நடுவுல இருந்தது ஒரு பலகைச் சுவர். உங்காத்து அடுப்புல என்ன கொதிக்கறதுன்னு எனக்குத் தெரியாதா? அந்த வாசனை எனக்குப் பொறுக்கலை. ஜன்னலைச் சாத்திண்டேன். அதோட நிறுத்தியிருந்தா பரவாயில்லை. உங்காத்துக்கு வரதையே நிறுத்திட்டேன். நீ வாசல்ல மோடாவுல உக்காந்து எள்ளு அரைச்சிண்டிருப்பே. நான் பால் வாங்கப் போறச்சே நிமிர்ந்து என்னைப் பார்ப்பே. நான் பார்க்காத மாதிரி போயிடுவேன். குழந்தையைப் பறிகுடுத்துட்டு உக்காந்திருந்தவ நீ. அந்த ஊர்ல உன்னோட தமிழ்ல பேசறதுக்கு என்னை விட்டா வேற பொம்மனாட்டியே கிடையாது. நான் வந்து பக்கத்துல உக்காந்திருக்கணும்."

"மாமி, நீங்க வேற யாரையோ நெனச்சுப் பேசறீங்க." பட்டுவின் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து மூணாம் நாளே நாங்க ஊருக்குக் கெளம்பிட்டமே."

"மூணாம் நாளா?"

"ஹாங், மூணாம் நாள்."

"பட்டு, நீங்க கெளம்பினது வருஷப் பிறப்புக்கு அடுத்த வாரம். அந்த ஊர்ல வேப்பம்பூ கிடைக்காம நான் பச்சடி பண்ணலை, எங்காத்துக்காரர் கோச்சுண்டார். அந்த வருஷம்தான். அதுக்கு மறுவாரம் நீங்க பெட்டி கட்டினேள். ஏப்ரல்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்த பட்டு பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பச்சைச் சுவர். வெளியே வங்காளிகள் வீடுகளில் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள்; அது தீபாவளி. அதில் சந்தேகமே இல்லை. அடுத்து ரயில். அதற்கடுத்து, மாரேட்பள்ளி வீட்டு வாசலில் ரிக்‌ஷா நிற்கிறது. கூடத்தில் மாமியார் நூறு மாங்காயைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாங்காய் வெட்டுகிறவன் பெரிய கத்தியோடு நிமிர்ந்து பார்க்கிறான். கடுகுப்பொடி ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டு மாமியார் ஓடி வந்து அவளை உள்ளே கூட்டிப் போகிறார். ஆவக்காய் போடுகிற நாள்.

தீபாவளிக்கு மூன்றாம் நாள் ஆவக்காய் மாங்காய் எங்கிருந்து வரும்?

இரண்டுமே அவளுக்குத் தெளிவாக நினைவிருந்தன. வெடிச்சத்தமும் மாங்காயும் நாற்பது வருஷமாக அவள் தலைக்குள் அடுத்தடுத்து இருந்திருக்கின்றன. நடுவில் ஒரு குளிர்காலம் முழுக்கக் காணாமல் போனதை அவள் ஒருநாளும் கவனித்ததில்லை.

"ஆறு மாசம்" என்றாள் பட்டு. "மாமி, ஆறு மாசம் நான் எங்க இருந்தேன்?"

கல்பகத்துக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்டூலின் அருகே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலிக்காரி, தரையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது.

"நீ மறந்துட்டேன்னு எனக்குத் தெரியாதேடி. நீ என்னை மன்னிச்சுட்டேன்னுன்னா நெனச்சிண்டிருந்தேன்."

பட்டு குனிந்து அவள் தோளைத் தொட்டாள். "நீங்க செஞ்சதே எனக்குத் தெரியாதே மாமி. எதைன்னு மன்னிக்கறது?" என்றாள். சமாதானமாகச் சொல்லத்தான் நினைத்தாள். கல்பகம் அதைக் கேட்டு இன்னும் அழுதாள். பால் ஏடு கட்டி ஆறிக் கிடந்தது. அன்று காபி கலக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது வேணுகோபால் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பட்டு செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரில் வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து எத்தினி நாள் கழிச்சு நாம ஊருக்கு வந்தோம்?"

அவர் பேப்பரை மடித்தார். "நாளா? ஆறு மாசம் கிட்ட ஆச்சு. ரேடார் வேலை முடியாம என்னை விடல. உன்னைத் தனியா ரயில் ஏத்தி அனுப்பவும் எனக்கு தைரியம் இல்ல."

"எனக்கு அதுல ஒரு நாள்கூட ஞாபகம் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் அவளையே பார்த்தார். தெரியாது என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"நீ அதப் பத்திப் பேச விரும்பலன்னு நெனச்சேன். ரஞ்சனா பொறந்தப்ப ஒரு தடவ பேச்செடுத்தேன். நீ எழுந்து போயிட்டே. அப்புறம் நான் எடுக்கல."

"இப்ப சொல்லுங்க."

அவர் சொன்னார். முதல் ஐந்து வாரம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. குளிப்பாள், கொடுத்ததைத் தின்பாள், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஆபீசுக்குப் போகும்போது அவளைக் காங் டிரினாவிடம் விட்டுவிட்டுப் போவார். காங் டிரினாவுக்கு ஹிந்தி நாலு வார்த்தை. பட்டுவுக்கு அதுவும் கிடையாது. ஒருநாள் அந்த அம்மாள் அவளைக் கையைப் பிடித்து எழுப்பிக் கொண்டுபோய் அம்மி முன்னால் உட்கார வைத்து, வறுத்த எள்ளைப் போட்டு, குழவியைக் கையில் கொடுத்திருக்கிறாள். பட்டு அரைத்திருக்கிறாள். மறுநாளும் உட்கார வைத்தாள். கறியில் ரத்தம் ஊறும், தெம்பு வரும் என்று அந்த அம்மாளுக்கு நம்பிக்கை.

"ஒருநாள் சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வர்றேன். தட்டுல சோறும் அந்தக் கறியும் போட்டுக் குடுத்தே. கறுகறுன்னு இருந்துச்சு. நான் இன்னான்னு கேக்கல. நம்ம வீட்டுல யாருக்காவது தெரிஞ்சா அவ்வளவுதான்னு ஒரு பக்கம் ஓடுது. இருந்தாலும் வாயில போட்டேன். நீ என் மூஞ்சியே பாத்துக்கிட்டிருந்தே. அப்புறம் உன் தட்டுலேர்ந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கிட்டு, 'உப்பு பத்தல'ன்னு சொன்னே."

"அவ்வளவுதானா?"

"அஞ்சு வாரத்துல நீ பேசின மொத வார்த்தை அது. நான் ஓடிப்போய் காங் டிரினாகிட்ட சொன்னேன், பேசிட்டா பேசிட்டான்னு. அவங்களுக்குப் புரிஞ்சுதோ என்னமோ, உப்பு டப்பாவ எடுத்துக் குடுத்தாங்க."

பட்டு சோபாவில் உட்கார்ந்தாள். வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது. அந்த ஒருத்திமேல் பரிதாபம் வந்தது. அது தான்தான் என்பது மட்டும் மனசில் ஒட்டவில்லை. அதைவிட, இரண்டு நாளாக அவரைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

"எள்ளு எவ்வளவு போடுவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரஞ்சனா பொல்லாரம் போகிற வழியில் ஒரு கடையில் பன்றிக்கறி வாங்கி வந்தாள். ஒன்றரைக் கிலோ, தோலும் கொழுப்புமாக. வரும்போதே போனில் காசிப் பெண்மணி ஒருத்தி சமைக்கும் வீடியோவும் தேடி வைத்திருந்தாள். பட்டு பரணிலிருந்து ஒரு பழைய அலுமினியச் சட்டியை இறக்கினாள். வேணுகோபால் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எண்ணெய் கம்மியா ஊத்து. கொழுப்பே உருகி வரும்."

"டாடி, வீடியோல இஞ்சி லேட்டா போடறாங்க."

"உங்கம்மா முன்னாடியே போடுவா."

பட்டு இரண்டு பேர் சொன்னதையும் கேட்டு, இரண்டு பேர் சொன்னபடியும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள். வெங்காயம், இஞ்சி, பூண்டு, மஞ்சள், மிளகு. எள்ளை வெறும் வாணலியில் வறுத்தபோது, மாமியார் காரியத்தன்று கூடத்தில் பரவிய வாசனைதான் நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால் போகப் பார்த்தாள். முடியவில்லை. அம்மி இல்லை, மிக்ஸியில் அரைத்தாள். கரிய விழுதைக் கறியில் கொட்டிக் கிளறும்போது, இப்போதாவது ஏதாவது வரும் என்று கரண்டியோடு நின்றாள். குழம்பு கொதித்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. இது அவள் வாழ்க்கையில் முதல் தடவை செய்கிற சமையல் என்றுதான் கை சொன்னது.

மூன்று பேரும் மத்தியானம் மேஜையில் உட்கார்ந்தார்கள். வேணுகோபால் சோற்றில் பிசைந்து ஒரு வாய் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஆனா அது இல்ல."

"எது இல்ல?"

"தெரியல பட்டு. அந்த ஊரு பன்னி வேற. தண்ணி வேற. இல்ல, என் நாக்குதான் இன்னும் சரியாகலியோ என்னமோ." சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றுதான்.

பட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மென்மையாக இருந்தது. எள்ளின் லேசான கசப்பு. ருசி பிடித்திருக்கிறதா இல்லையா என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை. ரஞ்சனா, "மம்மி, மஸ்த் ஹை" என்று கையை நக்கினாள்.

பட்டு தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அது பையனா, பொண்ணா?"

ரஞ்சனாவின் கை நின்றது. தனக்கு முன்னால் ஒன்று தங்கவில்லை என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் யாரும் சொன்னதில்லை.

"பொண்ணு" என்றார் வேணுகோபால். "உனக்குத் தெரியாதா?"

"தெரியாது. நான் கேட்டதே இல்லன்னு நெனச்சேன்."

"நீதான பேரு வெச்சே."

"பேரா?"

"மஹதின்னு. பனிக்காலம் முடியற சமயம். பைன் மரத்துக்குக் கீழ பொதைச்ச இடத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னே. போனோம். அங்க நின்னுக்கிட்டு சொன்னே. அதுக்கப்புறமும் ஒரு தடவ போனோம்."

மஹதி. பட்டு மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அப்படி ஒரு பேர் இல்லை. அது ஒரு ராகத்தின் பேர்; அவளுக்குப் பாட்டும் தெரியாது, ராகமும் தெரியாது. அந்தப் பேரை அந்த வயதில் எங்கே கேட்டிருப்பாள், ஏன் அதை எடுத்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். பலகைத் தரை தெரிந்தது, மோடா தெரிந்தது. பைன் மரம் தெரியவில்லை.

"நெஜமாவா சொல்றீங்க?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

ரஞ்சனா எழுந்து போய் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டு, மேலே கறியை ஊற்றினாள். பட்டு வேண்டாம் என்று சொல்லாமல் பிசையத் தொடங்கினாள். அன்று என்ன புடவை கட்டியிருந்தேன் என்று அவரைக் கேட்டாள். அது தெரியாது, காங் டிரினாவின் கட்டம்போட்ட சால்வை போர்த்தியிருந்தாய் என்றார். சரி என்றாள். அப்புறம் அடுத்ததைக் கேட்டாள்.